ஜாமீனில் வெளிவர முடியாதவர்கள்

பேப்பரில் வாரத்துக்கு நாலு முறையாவது இந்த வாக்கியத்தைப் படித்திருப்பீர்கள்: 'ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவுகளின் கீழ் வழக்குப் பதிவு செய்யப்பட்டுள்ளது.' டி.வி. செய்தியில் இதை வாசிக்கும்போது குரலில் ஒரு கனம் ஏறும். கேட்கிற நமக்கும் 'சரி, ஆள் இனிமே அவ்ளோதான்' என்று ஒரு நிம்மதி.

வாக்கியம் தப்பு. வெளியே வரவே முடியாத பிரிவு என்று நம் சட்டத்தில் எதுவும் கிடையாது. குற்றங்களைச் சட்டம் ரெண்டாகப் பிரிக்கிறது. ஒன்று பெயிலபிள். இதில் ஜாமீன் என்பது உரிமை. ஸ்டேஷனிலேயே கொடுத்தாக வேண்டும். இன்னொன்று நான்-பெயிலபிள். இதில் கோர்ட் யோசித்துக் கொடுக்கலாம், மறுக்கலாம். 'கேட்டவுடன் கிடைக்காது' என்பதை யாரோ ஒருவர் 'கிடைக்கவே கிடைக்காது' என்று ஆக்கிவிட்டார். அதையே படித்துப் படித்து நமக்கும் பழகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், இந்தத் தப்பான வாக்கியம் ஒரு கூட்டத்துக்கு மட்டும் அச்சு அசலாகப் பொருந்துகிறது. சின்ன வழக்குகளில் மாட்டி, கோர்ட் ஜாமீன் கொடுத்த பிறகும் ஜெயிலிலேயே உட்கார்ந்திருப்பவர்கள். ஜாமீன் கிடைத்தும் ஜாமீனில் வெளிவர முடியாதவர்கள். இந்த வாரம் அவர்களைப் பற்றி.

* * *

எது சின்ன வழக்கு, எது பெரிய வழக்கு என்பதிலேயே நம் சட்டத்தின் மனசு தெரிந்துவிடும்.

ஒருவர் அஜாக்கிரதையாகக் கார் ஓட்டி, ரோட்டோரம் நடந்துபோனவரைக் கொன்றுவிடுகிறார். வேண்டுமென்று செய்ததில்லை, கவனக்குறைவுதான் என்றால், அது பெயிலபிள். பழைய தண்டனைச் சட்டத்தில் 304-ஏ. 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 106(1). அதிகபட்ச தண்டனையை 2 வருஷத்திலிருந்து 5 வருஷமாக உயர்த்தினார்கள். பெயிலபிள் என்பது மட்டும் மாறவில்லை. இன்னொருவர் பஸ்ஸில் செல்போன் திருடிவிட்டார் என்று புகார். அதிகபட்ச தண்டனை 3 வருஷம். அது நான்-பெயிலபிள்.

5 வருஷக் குற்றத்துக்கு ஜாமீன் உரிமை. 3 வருஷக் குற்றத்துக்கு ஜாமீன் தயவு. கார் ஓட்டுகிற வர்க்கம் எது, செல்போன் கேஸில் மாட்டுகிற வர்க்கம் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கார்காரரையும் பிடித்து உள்ளே போடு என்பதல்ல என் கட்சி. 'இவர் எங்கே ஓடிவிடப் போகிறார், கேஸ் நடக்கட்டும், வருவார்' என்று அவர் மேல் சட்டம் வைக்கிற நம்பிக்கையை மற்றவர் மேலும் கொஞ்சம் வைக்கக் கூடாதா என்பதுதான்.

புதிய சட்டம் இதில் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்திருக்கிறது. திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் அது பெயிலபிள். முதல் தடவையாகத் தண்டிக்கப்படுகிறவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், ஜெயில் இல்லை. சமூக சேவைதான் தண்டனை. நல்ல மாற்றம். ஆனால், கீறல் விழுந்த ஒரு பழைய போனின் விலை 4,900-ஆ, 5,100-ஆ? முதலில் அந்தத் தொகையை எழுதுவது ஸ்டேஷனில் இருக்கும் பேனா. 200 ரூபாய் வித்தியாசத்தில் ஒரு மனிதன் ராத்திரி வீட்டில் படுப்பானா, ஜெயிலில் படுப்பானா என்பது முடிவாகிவிடும்.

* * *

இனி ஒரு கற்பனைக் கதை. ஆள்தான் கற்பனை. நடைமுறை அத்தனையும் கீழ்க் கோர்ட்டுகளில் பார்க்கக்கூடியதுதான்.

ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து சென்னைக்குக் கட்டட வேலைக்கு வந்த ஒரு பையன். சைட்டில் காப்பர் ஒயர் காணவில்லை; மதிப்பு 8,000 ரூபாய் என்று புகார். பிடிக்கிறார்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துகிறார்கள். இந்த இடத்தில் மாஜிஸ்திரேட்டுக்கு ஒரு வேலை இருக்கிறது. 7 வருஷமோ அதற்குக் குறைவாகவோ தண்டனை உள்ள குற்றங்களில் போலீஸ் கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யக் கூடாது. ஏன் கைது அவசியம் என்று எழுதித் தர வேண்டும். மாஜிஸ்திரேட் அதைப் படித்துத் திருப்தியடைந்தால்தான் ரிமாண்ட் செய்ய வேண்டும். அர்னேஷ் குமார் வழக்கில் 2014-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது இது. ஆனால் ஒரு நாளைக்கு வருகிற கட்டுகள் எத்தனை? படிப்பதற்கு நேரம் எங்கே? '15 நாள் ரிமாண்ட்.' அடுத்த ஆள்.

பையனுக்குத் தமிழ் அரைகுறை. எப்படியோ இலவச சட்ட உதவி வக்கீல் கிடைத்து, மனு போட்டு, ஒன்றிரண்டு வாரத்தில் ஜாமீனும் கிடைத்துவிடுகிறது. உத்தரவு இப்படி இருக்கும்: தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தார்கள், அதில் ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும், தினமும் காலை பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் ஆஜராகிக் கையெழுத்துப் போட வேண்டும்.

கோர்ட் கணக்கில் இந்தக் கேஸில் ஜாமீன் கொடுத்தாகிவிட்டது. பையன் கணக்கில் இப்போதுதான் சிக்கலே ஆரம்பம். ஜாமீன்தாருக்கு ரேஷன் கார்டு வேண்டும். வீட்டு வரி ரசீது வேண்டும், அல்லது வண்டியின் ஆர்.சி. புக். சில இடங்களில் தாசில்தார் கொடுக்கும் சொத்து மதிப்புச் சான்றிதழும் கேட்பார்கள். கூட வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த ஊரில் ரேஷன் கார்டும் கிடையாது, வீடும் கிடையாது. தகர ஷெட்டுக்கு ஏது வரி ரசீது? ரத்த சொந்தம் வேண்டுமென்றால் கஞ்சத்திலிருந்து அண்ணன் வர வேண்டும். வேலையை விட்டு, கடன் வாங்கி, ரயில் ஏறி வந்தாலும், அவர் கையில் இருக்கும் காகிதம் ஒடியாவில் இருக்கிறது. 'இது செல்லாதுப்பா, லோக்கல் ஆள் யாராவது இருந்தா கூட்டிட்டு வா' என்பார் யாராவது ஒருவர்.

எல்லாம் சரியாக அமைந்தாலும் இன்னொரு ஓட்டம் பாக்கி. உத்தரவு சாயங்காலத்துக்குள் ஜெயிலுக்குப் போய்ச் சேர வேண்டும். கதவடைத்துவிட்டால் இன்னொரு ராத்திரி.

* * *

இந்த 'லோக்கல் ஆள்' வியாதிக்கு சுப்ரீம் கோர்ட் 1978-லேயே மருந்து எழுதிக் கொடுத்துவிட்டது. மோதிராம் எதிர் மத்தியப் பிரதேச அரசு. வழக்கில் மாட்டியவர் ஒரு கொத்தனார். ஜாமீன் கொடுக்கச் சொல்லி சுப்ரீம் கோர்ட்டே உத்தரவு போட்ட பிறகும், கீழே இருந்த மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தார் கேட்டார். அவருடைய தம்பியோ அண்ணனோ ஒரு சகோதரர் முன்வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார். கொத்தனார் மறுபடி டெல்லிக்கு எழுதினார்.

தீர்ப்பு எழுதியவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். அவர் அதில் ஒரு கேள்வி கேட்டார்: ஒரு மலையாளியோ கன்னடரோ தமிழரோ தெலுங்கரோ, பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ பஹல்காமிலோ சாந்தினி சௌக்கிலோ திருட்டு, அத்துமீறல் என்று பிடிபட்டால், அந்த ஊரில் சொத்து வைத்திருக்கிற ஜாமீன்தாருக்கு எங்கே போவார்? 1,000 ரூபாய்க்கு அந்தக் கொத்தனாரே சொந்தப் பொறுப்பில் எழுதிக் கொடுக்கும் பத்திரம் போதும், விட்டுவிடுங்கள் என்று முடித்தார்.

தமிழனுக்கு வடக்கே இப்படி ஆகிவிடக் கூடாதே என்று கவலைப்பட்ட தீர்ப்பு அது. இப்போது திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் லட்சக்கணக்கான வடக்கத்திப் பையன்கள் வேலை செய்கிறார்கள். கேள்வி நம் பக்கம் திரும்பியிருக்கிறது.

கிட்டத்தட்ட அரை நூற்றாண்டில் அந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் கீழே இறங்கியது? 2006-ல் அமலான ஒரு திருத்தம், பெயிலபிள் கேஸில் ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தார் கொண்டுவர முடியாதவரை ஏழை என்றே எடுத்துக்கொண்டு, சொந்தப் பத்திரத்தில் விட்டாக வேண்டும் என்றது. 2022 நவம்பர் 26, அரசியல் சாசன தினத்தில், ஜனாதிபதி திரௌபதி முர்மு சின்னக் குற்றங்களுக்காக ஜெயிலில் கிடக்கும் ஏழைகளைப் பற்றி நீதிபதிகள் முன்னிலையிலேயே உருக்கமாகப் பேசினார். அடுத்த சில நாளில் சுப்ரீம் கோர்ட் கணக்கு கேட்டது. ஜாமீன் கிடைத்தும் உள்ளே இருப்பவர்கள் சுமார் 5,000 பேர் என்று பதில் வந்தது. அதில் 1,417 பேரை விடுவித்ததாகச் சொன்னார்கள். அதாவது, யாராவது கேட்டால் விட முடிகிறது. யாரும் கேட்காததுதான் அவர்கள் செய்த குற்றம்.

2023 ஜனவரி 31-ல் சுப்ரீம் கோர்ட் விதிமுறைகளே போட்டது. ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஆள் வெளியே போகவில்லை என்றால், ஜெயில் சூப்பிரண்டென்ட் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்தில் ஜாமீன்தார் வராவிட்டால், நிபந்தனையைத் தளர்த்த முடியுமா என்று கோர்ட் தானாகவே பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தார்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கக் கூடாது. 1978-ல் சொன்னதை 2023-ல் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது என்பதே போதுமான விமர்சனம்.

* * *

'அதெல்லாம் சரி சார், ஜாமீன்தார் இல்லாம விட்டா ஓடிட மாட்டானா?'

நியாயமான கேள்வி. திருட்டுக் கொடுத்தவரின் வயிற்றெரிச்சல் நிஜம். வாய்தாவுக்கு வராமல் காணாமல்போகிறவர்களும் நிஜம்; அவர்களால் வருஷக்கணக்கில் தூசி படிந்த கட்டுகளும் நிஜம். ஆனால், சொத்துள்ள ஜாமீன்தாரைக் கேட்பதால் இந்தப் பிரச்னை தீர்கிறதா?

தேவை இருக்கிற இடத்தில் கடை முளைக்கும். கோர்ட் வாசலில் ஜாமீன்தார்களும் வாடகைக்குக் கிடைப்பார்கள் என்பது வக்கீல், குமாஸ்தா, டீக்கடைக்காரர் எல்லோரும் அறிந்த ரகசியம். போலி ரேஷன் கார்டு, போலிச் சான்றிதழோடு வந்த ஜாமீன்தார்கள் பிடிபட்ட செய்திகளை அடிக்கடி படிக்கிறோம். அப்படி வருகிறவர் குற்றம் சாட்டப்பட்டவரை முன்னே பின்னே பார்த்திருக்க மாட்டார். நாளைக்கு ஆள் ஓடிவிட்டால் அவரைத் தேடிப் பிடிக்கவும் மாட்டார். அவரையே தேட வேண்டியிருக்கும். காசுள்ளவன் வாடகைக்கு ஆள் பிடித்து வெளியே போய்விடுகிறான். காசில்லாத, ஓடுவதற்குக்கூட இடமில்லாதவன் உள்ளே இருக்கிறான். இதுதான் அந்தப் பலமான பூட்டு!

ஜாமீனில் கோர்ட் கேட்க வேண்டிய கேள்விகள் ரொம்பக் குறைவு. இவன் விசாரணைக்குத் திரும்ப வருவானா? சாட்சியை மிரட்டுவானா? மறுபடி தப்பு செய்வானா? 'இவனிடம் என்ன இருக்கிறது, இவனுக்கு யார் இருக்கிறார்கள்' என்பது இந்தப் பட்டியலில் இல்லை. கூலிக்காரனுக்குத் தெரிந்தவர்களும் கூலிக்காரர்கள்தான். ஜாமீன் நிற்பவர் பெரும்பாலும் நெருங்கிய சொந்தமோ பழைய நண்பரோதான், அந்த வட்டம் சின்னது என்று 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டும் சொன்னது. பதிமூன்று வழக்குகளிலும் ஜாமீன் வாங்கிவிட்டு, அத்தனைக்கும் தனித்தனி ஜாமீன்தார் கிடைக்காமல் உள்ளே இருந்த ஒருவரின் வழக்கு அது. ஒரே ஜாமீன்தார்கள் பல வழக்குகளுக்கு நிற்கலாம் என்று அனுமதித்தது.

* * *

வெளியே வந்த பிறகு கண்டிஷன். பத்தரை மணிக் கையெழுத்தை யோசித்துப் பாருங்கள். கொத்தனார், சித்தாள் எல்லாம் காலை எட்டு மணிக்குள் ஆள் எடுக்கும் இடத்தில் நின்றால்தான் அன்றைக்கு வேலை. பத்தரைக்கு ஸ்டேஷன், அங்கே அய்யா வரும்வரை வெளியே நிற்பது, பிறகு கையெழுத்து. அன்றைய கூலி போச்சு. கையெழுத்துப் போடாவிட்டால் ஜாமீன் போச்சு. ஒழுங்காக உழைத்துப் பிழை என்று சொல்ல வேண்டிய இடம், உழைக்கிற நேரத்தைப் பிடுங்கிக்கொள்கிறது.

சில நீதிபதிகளுக்குப் புதுமை செய்யும் ஆசையும் உண்டு. சீமைக் கருவேல மரம் வெட்டச் சொன்ன உத்தரவும், திருக்குறள் ஒப்பிக்கச் சொன்ன உத்தரவும் நம் ஊரில் செய்தியாயின. நாமும் 'சபாஷ்' என்றோம். வள்ளுவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, கருவேல மரம் மேல் கிடையாது. ஆனாலும் இது சபாஷ் போட வேண்டிய விஷயமில்லை. விசாரணையே ஆரம்பிக்கவில்லை. குற்றம் செய்தானா என்றே தெரியாது. அதற்குள் ஒரு தண்டனை. அதுவும் கைதட்டல் வாங்குகிற தண்டனை. ஜாமீன் நிபந்தனையின் வேலை ஆளை விசாரணைக்கு வரவைப்பது. திருத்துவது, தண்டிப்பது எல்லாம் தீர்ப்புக்குப் பிறகு.

இதைவிட மோசமானது, செய்தியில் வராத ஒன்று. ஜாமீன்தார் கிடைக்காமல் சில மாதம் உள்ளே இருந்தவரிடம் யாராவது வந்து சொல்வார்கள்: 'ஒத்துக்கோப்பா. இருந்த நாளைக் கழிச்சுட்டு அனுப்பிடுவாங்க.' சட்டப்படி அப்படிக் கழிக்க முடியும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் இன்றே வீடு. நிரபராதி என்று சொன்னால் இன்னும் எத்தனை நாளோ. செய்யாதவனும் தலையை ஆட்டிவிடுவான். நீங்களாக இருந்தாலும், நானாக இருந்தாலும் ஆட்டியிருப்போம்.

அந்த ஒரு தலையாட்டலுக்கு விலை அப்புறம் தெரியும். விசாரணைக் கைதியாகவே அதிகபட்ச தண்டனையில் பாதிக் காலம் உள்ளே இருந்துவிட்டவரை ஜாமீனில் விட வேண்டும் என்பது பொது விதி. முன்பு தண்டனையே பெறாதவருக்கு அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்திருக்கிறது, புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-வது பிரிவு. ஏற்கெனவே தலையாட்டியவருக்கு அந்தச் சலுகை இல்லை. 5,000 ரூபாய்த் திருட்டுக்குச் சமூக சேவை என்ற சலுகையும் இல்லை. அடுத்த முறை அந்த ஏரியாவில் எது காணாமல் போனாலும் முதலில் தட்டப்படும் கதவு அவருடையது. ஜாமீன் கொடுக்காமலே நாம் ஒரு 'பழைய குற்றவாளி'யைத் தயாரித்துவிட்டோம்.

* * *

மாஜிஸ்திரேட்டுகள் எல்லாம் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் பயம் உண்டு. கடுமையான வழக்குகளில் ஜாமீன் கொடுத்தால் தங்களைக் குறிவைப்பார்களோ என்ற பயம் கீழ்க் கோர்ட்டுகளில் இருக்கிறது என்று 2022 நவம்பரில் அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் வெளிப்படையாகவே பேசினார். மறுத்தால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. கொடுத்தால் 'ஏன் கொடுத்தாய்' என்று மேலே விசாரிக்கலாம், மொட்டைக் கடுதாசி வரலாம். எது பாதுகாப்பு? பெரிய வழக்கில் வந்த இந்த எச்சரிக்கை உணர்ச்சி, ஒயர் திருடிய வழக்குக்கும் ஒட்டிக்கொள்கிறது. கீழ்க் கோர்ட்டும் ஹைகோர்ட்டும் ஜாமீன் விஷயத்தில் வம்பு வேண்டாம் என்று ஒதுங்கிப் போகின்றன என்று 2024 ஆகஸ்டில், ஒரு முன்னாள் துணை முதல்வருக்கு ஜாமீன் கொடுக்கும்போது சுப்ரீம் கோர்ட் குறைபட்டுக்கொண்டது. துணை முதல்வர் சுப்ரீம் கோர்ட் வரை போக முடிந்தது. ஒயர் பையன்?

2022 கடைசியில் இந்திய ஜெயில்களில் இருந்த விசாரணைக் கைதிகள் 4,34,302 பேர். மொத்தக் கைதிகளில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல். ஜெயில் என்றால் தண்டனை அனுபவிக்கும் இடம் என்று நாம் நினைக்கிறோம். அங்கே இருப்பவர்களில் நாலில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை.

மத்திய அரசு 2023-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஜாமீன் தொகை கட்ட முடியாத ஏழைக் கைதிக்காக 40,000 ரூபாய் வரை அரசே கட்டும் என்றது அப்போதைய விதி. நல்ல மனசுதான். ஆனால் யோசியுங்கள்: அரசின் கோர்ட் ஒரு தொகை கேட்கிறது, அதை அரசே கட்டுகிறது, நடுவில் ஒரு கமிட்டி கூடி முடிவு செய்கிறது. அந்த ஆள் திரும்ப வருவார் என்பதற்கு இதில் எந்த உத்தரவாதமும் இல்லை. தொகையையே கேட்காமல் விட்டிருந்தால் கமிட்டியின் டீ, பிஸ்கட் செலவாவது மிச்சம்.

புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. சின்ன வழக்குகளில் முதல் முறை மாட்டுகிறவரை, போலீஸ் எதிர்த்துக் காரணம் காட்டினாலொழிய, சொந்தப் பத்திரத்தில் விடலாம். ஜாமீன்தார் இல்லாத பத்திரத்துக்குப் புதிய சட்டம் தனியாக விளக்கமே கொடுத்திருக்கிறது. பத்திரத் தொகை அளவுக்கு மீறி இருக்கக் கூடாது என்பது பழைய சட்டத்திலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது. கையெழுத்து வேண்டுமென்றால் வாரம் ஒரு நாள், வேலை முடிந்து சாயங்காலம் வரச் சொல்லலாம். ஜாமீன் கிடைத்து 7 நாள் தாண்டியும் உள்ளே இருப்பவர்களின் பட்டியலை ஒவ்வொரு திங்கட்கிழமையும் மாஜிஸ்திரேட் மேஜைமேல் வைக்கச் சொல்லலாம்.

உங்கள் வீட்டு வேலைக்காரம்மாவின் மகனோ, அபார்ட்மென்ட் வாட்ச்மேனோ இப்படி மாட்டினால், 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணை அவர்களுக்குச் சொல்லுங்கள். முடிந்தால் இன்னொன்றும் செய்யுங்கள். வருஷக்கணக்காகத் தெரிந்த ஆள் என்றால், ஜாமீன் நில்லுங்கள். 'நமக்கெதுக்கு வம்பு' என்று வீட்டு வரி ரசீது வைத்திருக்கும் அத்தனை பேரும் ஒதுங்கிக்கொள்வதால்தான் வாடகை ஜாமீன்தார்கள் பிழைக்கிறார்கள்.

பத்திரிகை நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை 'ஜாமீனில் வெளிவர முடியாத' என்று எழுதப் பேனாவை எடுக்கும்போது, கோர்ட் கொடுத்த ஜாமீன் உத்தரவோடு புழலில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி நாலு வரி எழுதுங்கள். அங்கே அந்த வாக்கியம் சரியாக இருக்கும்.